நல்ல நெல் ரகத்தில் நோய் எதிர்ப்பைச் சேர்க்க ஏன் இத்தனை ஆண்டுகள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆந்திரா பொன்னி போன்ற சன்ன அரிசி ரகத்தை பாக்டீரியா இலைக்கருகல் அழிக்கிறது. அந்த நோயைத் தாங்கும் நெல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்தால் (ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் இட்டுக் கலந்தால்) போதாதா, எதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள்? மார்க்கர் வைத்துத் தேர்வு செய்தது என்கிறார்களே, அது மரபணு மாற்றுப் பயிரா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. மார்க்கர் என்பது வேண்டிய மரபணுவுக்குள்ளோ அருகிலோ இருக்கும் ஒரு டி.என்.ஏ. அடையாளம், அதைத் தேடுவது ஒரு பரிசோதனை மட்டுமே. நாற்றின் இலையில் ஒரு துண்டு கிள்ளி, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய மரபணு வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். செடிக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை. மரபணு வந்து சேர்வது மகரந்தத்தின் வழியாகத்தான், நூறு ஆண்டுகளுக்கு முன்பு எப்படி வந்ததோ அப்படியே.

மற்ற கேள்விக்குப் பதில் நீளமானது. ஒட்டுச் சேர்ப்பது இரண்டு நாள் வேலை. அதிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான செடிகளில் எதைக் கழிப்பது, எந்தத் தலைமுறையில் கழிப்பது, எந்தச் சான்றை நம்பிக் கழிப்பது என்பதில்தான் ஆண்டுகள் போகின்றன. புதிய ரகங்களை உருவாக்கும் பயிர்ப் பெருக்கத்தில் உள்ள முறைகள் எல்லாமே இந்த மூன்று கேள்விகளுக்கான வெவ்வேறு விடைகள்.

முதலில் அந்த இரண்டு நாள் வேலை. நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர். ஒவ்வொரு பூவிலும் 6 மகரந்தப் பைகளும் இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. காலை 9 மணியிலிருந்து நண்பகல் வரை பூ விரியும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். விரியும் நொடியிலேயே மகரந்தம் கொட்டிவிடுவதால், தாய்ச் செடியின் மகரந்தப் பைகளை முந்தைய நாள் பிற்பகலிலேயே எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடி இலையின் உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளிவந்த கதிராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நுனியில் ஏற்கெனவே பூத்து முடிந்தவற்றையும் அடியில் மிக இளசாக உள்ளவற்றையும் வெட்டிவிடுங்கள். நடுவில் உள்ள பூக்களை வெயிலுக்கு எதிரே பிடித்தால் உமிக்குள் மகரந்தப் பைகள் நிழலாகத் தெரியும். அவை உமியின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தால் மறுநாள் பூக்கும் என்று பொருள். அந்தப் பூக்களின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, 6 பைகளையும் கூர் இடுக்கியால் அல்லது உறிஞ்சு குழாயால் எடுக்க வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டால் அந்தப் பூ தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். கீழே தள்ளி வெட்டினால் சூல்முடி அறுந்து எதுவும் பிடிக்காது. முடிந்ததும் கதிரை வெண்ணெய்த்தாள் உறையால் மூடி, தாய், தந்தை, தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். மறுநாள் காலை தந்தைக் கதிர் விரியும் நேரத்தில் அதை வெட்டி வந்து உறைக்குள் விட்டுச் சுழற்றித் தட்டுங்கள். வெளியே வந்த மகரந்தத்தின் உயிர் ஏறத்தாழ 5 நிமிடம்தான். சூல்முடியோ சில நாட்கள் ஏற்கும் நிலையில் இருக்கும். ஆகவே முதல் நாள் தந்தை பூக்கவில்லை என்றால் அடுத்த நாளும் தட்டலாம்.

25 முதல் 30 நாளில் வெட்டிய உமிக்கு மேலே அரிசி எட்டிப் பார்க்கும். முழு உமியோடு முற்றிய மணி அந்தக் கதிரில் இருந்தால் அது ஒட்டு மணி இல்லை, தூக்கிப் போடுங்கள். பெற்றோர் இருவரின் வயது வேறுபட்டால் பூக்கும் நாளும் வேறுபடும். அதனால் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை விதைத்து வைப்பது வழக்கம். இதைச் செய்யாமல் ஒரு பருவத்தையே இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இப்படிக் கிடைக்கும் முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும். பெற்றோர் இருவரிடமும் இருந்து ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பிரதி. தேர்வு செய்ய இங்கே ஒன்றும் இல்லை, உண்மையான ஒட்டுதானா என்று பார்ப்பது தவிர. பிரிவு தொடங்குவது இரண்டாம் தலைமுறையில். இங்கேதான் கணக்கு நம்மை எதிர்க்கிறது.

இரண்டு ரகங்களும் 20 மரபணுக்களில் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் வேறுபாடு இதைவிட மிக அதிகம். இருபதிலும் நல்ல வடிவமே இரு பிரதியாகவும் அமைந்த செடி இரண்டாம் தலைமுறையில் வர வாய்ப்பு நான்கில் ஒன்று, அதை 20 முறை பெருக்க வேண்டும்: ஒரு லட்சம் கோடிச் செடிகளுக்கு மேல் வளர்த்தால் ஒன்று. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். ஆறேழு தலைமுறை தற்கருவுறச் செய்து எல்லா மரபணுவும் நிலைத்த பின் (இரு பிரதியும் ஒரே வடிவமான பின்) பார்த்தால் அதே வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று ஆகிறது. அதனால் பெருக்கவியலாளர் எவரும் முழுமையான செடியைத் தேடுவதில்லை. தெளிவாகக் கெட்டதை முதலில் கழித்து, மீதியை நிலைக்க விட்டு, பிறகு ஒப்பிடுகிறார்.

தற்கருவுறுதலில் ஒவ்வொரு தலைமுறையும் கலப்பு நிலையை, அதாவது ஒரு மரபணுவின் இரு பிரதியும் வெவ்வேறாக இருப்பதை, பாதியாக்குகிறது. இரண்டாம் தலைமுறையில் 50 சதவீத இடங்கள் கலப்பாக இருக்கும். மூன்றில் 25, நான்கில் 12.5, ஐந்தில் 6.25, ஆறில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். விதை எடுத்து மறுபடி விதைத்தால் அதே பயிர் வர வேண்டும் என்றால் குறைந்தது ஆறாம் தலைமுறை வரை போகத்தான் வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐ.ஆர். 8. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962 இறுதியில் பெருக்கவியலாளர் பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகள் செய்தார். எட்டாவது கலப்பு, இந்தோனேசியாவின் உயரமான பெட்டாவும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னும். 130 விதைகள் கிடைத்தன. முதல் தலைமுறை முழுவதும் உயரம். இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ 10,000 செடிகள் நட்டபோது கால் பங்கு குட்டையாக நின்றது. குட்டைத்தன்மை ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவின் (இரு பிரதியும் இருந்தால்தான் வெளிப்படும் மரபணுவின்) வேலை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. உயரமானவை, வயது நீண்டவை எல்லாம் அங்கேயே கழிக்கப்பட்டன. எஞ்சியவற்றை வரிசை வரிசையாக நட்டார்கள். 288-ஆம் வரிசையின் மூன்றாம் செடிதான் ஐ.ஆர். 8-288-3. 1966-இல் ஐ.ஆர். 8 என்று வெளியானது.

நான்கே ஆண்டு. அப்படியானால் ஏன் இப்போது பத்து என்று கேட்கலாம். குட்டைத்தன்மை கண்ணுக்குத் தெரியும், ஒரே மரபணு, ஒடுங்கு என்பதால் குட்டையாகத் தெரிந்த நொடியே நிலைத்துவிட்டது. இதைவிட எளிய பண்பு கிடைப்பது அரிது. அவசரத்துக்கு விலையும் இருந்தது. ஐ.ஆர். 8 மணியில் வயிற்று வெண்மை (அரிசியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு) அதிகம், அரைத்தால் உடைந்தது, ஆறினால் சோறு விறைத்தது, இலைக்கருகலும் எளிதாகத் தாக்கியது. ரகம் உருவாக்கும் காலத்தில் பாதிக்கு மேல் சோதனைக்குச் செலவாவதை வீண் தாமதம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பதில்.

கழிக்கும் முறைகளுக்கு வருவோம். ஐ.ஆர். 8-இல் நடந்தது வம்சாவளித் தேர்வு. இரண்டாம் தலைமுறையில் தனிச்செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையாக நட்டு, எந்தச் செடியிலிருந்து எது வந்தது என்று ஏடு எழுதிக்கொண்டே போவது. உயரம், வயது, மணி வடிவம், நோய் போன்ற கண்ணுக்குத் தெரியும் பண்புகளுக்கு இது சிறந்தது. ஆள் செலவு அதிகம்.

விளைச்சலுக்கு இதே கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். காரணம் மரபுத்திறன், அதாவது செடிகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் மரபணுவால் வரும் பங்கு. ஒரு தனிச்செடி நிறையத் தூர் விட்டிருப்பது மரபணுவாலா, பக்கத்துச் செடி செத்து இடம் கிடைத்ததாலா, உரம் அங்கே கொஞ்சம் கூடுதலாக விழுந்ததாலா? தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி மொத்தச் சராசரியைவிட ஹெக்டேருக்கு 600 கிலோ கூடுதல் என்று வையுங்கள். மரபுத்திறன் 0.3 என்றால் அடுத்த தலைமுறைக்கு வருவது 180 கிலோ மட்டும். மீதி 420 கிலோ மண்ணும் தண்ணீரும் தந்தது, அது விதையோடு வராது. தனிச்செடியின் விளைச்சலுக்கு இந்த மரபுத்திறன் இன்னும் குறைவு. வரப்போரச் செடிகள் எப்போதும் செழிப்பாகத் தெரிவதால், அனுபவமில்லாதவர் தேர்ந்தெடுத்த செடிகளின் இருப்பிடத்தைக் குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓரமாகவே இருக்கும். ஓர வரிசையில் தேர்வே செய்யக்கூடாது என்ற விதி அதனால்தான்.

ஆகவே விளைச்சலுக்காக உருவாக்கும் கலப்புகளில் ஒற்றை விதை வழி முறை பரவலாகிவிட்டது. இரண்டாம் தலைமுறையின் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரே ஒரு விதை, அதிலிருந்து வரும் செடியிலிருந்தும் ஒரே ஒரு விதை என்று ஆறாம் தலைமுறை வரை எந்தத் தேர்வும் இல்லாமல் ஓட்டுவது. தட்டுகளில் நெருக்கி நட்டு, உரத்தைக் குறைத்து, சீக்கிரம் பூக்க வைத்தால் ஆண்டுக்கு மூன்று தலைமுறைகூட எடுக்கலாம். நிலைத்த பின்தான் ஒப்பீடு. கோதுமை, கொண்டைக்கடலைக்கு 22 மணி நேர விளக்கொளியில் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை எடுக்கிறார்கள். நெல் குறும்பகல் பயிர். அந்த விளக்கை அப்படியே நெல்லுக்குப் போட்டால் பூப்பதே தள்ளிப்போகும். நெல்லுக்கு முதலில் நீண்ட ஒளி தந்து வளர்த்து, பிறகு ஒளி நேரத்தைக் குறைத்துப் பூக்க வைக்க வேண்டும். மகரந்தப் பையைத் திசு வளர்ப்பில் வைத்து ஒரே அடியில் நிலைத்த செடி பெறும் முறையும் உண்டு. நம் இண்டிகா நெல் அதற்கு அவ்வளவாக இசைவதில்லை, பச்சையமே இல்லாத வெள்ளைக் கன்றுகள் நிறைய வரும்.

இப்போது உங்கள் கேள்வியின் நெஞ்சுப் பகுதி. ஆந்திரா பொன்னி என்று இங்கே அழைக்கப்படும் பி.பி.டி. 5204, ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளியான சம்பா மசூரி. அதன் பெற்றோரில் ஒன்று கோயம்புத்தூரில் 1920-களில் கிடைத்த ஜி.இ.பி. 24, நம் கிச்சிலிச் சம்பா. இன்னொன்று தைவானின் குட்டை ரகமான தைச்சுங் நேட்டிவ் 1. இந்த இரண்டின் கலப்பை மலேசியாவின் மசூரியோடு சேர்த்தார்கள். இந்த ரகத்தில் எல்லாம் பிடித்திருக்கிறது, நோய் மட்டும் பிடிக்கவில்லை. அப்படியானால் சாதாரண ஒட்டு தவறான கருவி. பாதி மரபணுக்களை வெளியாளிடமிருந்து வாங்கினால் அந்தச் சோறு போய்விடும். இதற்கு உரிய முறை பிற்கலப்பு. ஒட்டுச் செடியைத் திரும்பத் திரும்பச் சம்பா மசூரியோடே சேர்ப்பது. முதல் பிற்கலப்பில் சராசரியாக 75 சதவீதம் சம்பா மசூரி, இரண்டில் 87.5, மூன்றில் 93.75, நான்கில் 96.9 சதவீதம்.

ஹைதராபாத்தில் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனமும் (அன்று நெல் ஆராய்ச்சி இயக்ககம்) உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து செய்தது இதைத்தான். எக்ஸ்.ஏ. 21, எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களை, அவற்றை ஏற்கெனவே பெற்றிருந்த ஒரு பஞ்சாப் வழி நெல்லிலிருந்து எடுத்து, நான்கு பிற்கலப்புகளில் சம்பா மசூரிக்குள் சேர்த்தார்கள். 2008-இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று வந்தது, ஆர்.பி. பயோ 226 என்பது அதன் எண்.

ஏன் மூன்று? ஒரே மரபணுவை நம்பினால், பாக்டீரியா அதைத் தாண்டும் ஒரு மாற்றம் பெற்றதும் ரகம் விழுந்துவிடும். இந்த மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு வேறு. எக்ஸ்.ஏ. 21, ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டாவிலிருந்து வந்தது. நெல்லின் செல் சுவரோரத்தில் நின்று பாக்டீரியாவை அடையாளம் கண்டு எதிர்வினையைத் தூண்டும் புரதம் அது. எக்ஸ்.ஏ. 13 அப்படியில்லை. பாக்டீரியா நெல் செல்லுக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தி, சர்க்கரையை வெளியேற்றும் மரபணு ஒன்றை முடுக்கிவிட்டுத் தனக்கு உணவு தேடிக்கொள்கிறது. எக்ஸ்.ஏ. 13 உள்ள செடியில் அந்த மரபணுவின் முகப்பு (அதை முடுக்கும் பகுதி) மாறியிருப்பதால் பாக்டீரியாவின் புரதம் அங்கே ஒட்ட முடியாமல் போகிறது. எக்ஸ்.ஏ. 5-ம் இதே திசையில், பாக்டீரியா அந்த முடுக்கலுக்குப் பயன்படுத்தும் நெல்லின் சொந்தப் புரதம் ஒன்றில் ஏற்பட்ட மாற்றம்.

இதிலிருந்தே ஒரு முக்கியமான விளைவு வருகிறது. கடைசி இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். செடியில் ஒரு பிரதி மாறியிருந்தாலும் மற்றொரு பிரதி பழைய வடிவில் இருந்தால் பாக்டீரியாவுக்கு அதுவே போதும். ஆகவே பிற்கலப்பில் வரும் செடி மரபணுவைச் சுமந்துகொண்டே நோயில் வாடும். நோயைப் பார்த்துத் தேர்வு செய்தால் வேண்டியதையே கழித்துவிடுவோம். மார்க்கர் இல்லாத காலத்தில் ஒவ்வொரு பிற்கலப்புக்குப் பிறகும் ஒருமுறை தற்கருவுறச் செய்து, நோய் ஏற்றிப் பார்த்து, பிறகே அடுத்த கலப்புக்குப் போனார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பருவம். எக்ஸ்.ஏ. 21-இன் முழு எதிர்ப்பு வளர்ந்த செடியில்தான் வெளிப்படும் என்பதால் நாற்றில் சோதித்தும் பயனில்லை. போதாததற்கு, மூன்றில் ஒன்று வலுவாக இருந்தாலே செடி நன்றாக நிற்கும். உள்ளே இருப்பது ஒன்றா மூன்றா என்று நோய்க் குறியைப் பார்த்து ஒருபோதும் சொல்ல முடியாது. மார்க்கரின் மதிப்பு வேகத்தில் மட்டும் இல்லை, கண்ணால் காணவே முடியாததைக் காட்டுவதில் இருக்கிறது.

நடைமுறை இப்படி: பிற்கலப்பு விதைகளை முளைக்க வைத்து 15 முதல் 20 நாள் நாற்றில் இலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துச் சோதிக்கிறார்கள். மூன்று மரபணுக்களும் ஒரே நாற்றில் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. குறைந்தது ஒன்றாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டும் என்றால் 23 நாற்றுகள் வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் கிடைத்தால் தேர்வுக்கு இடமே இல்லையே. நூற்றுக்கு மேல் விதை எடுப்பது அதனால்தான். மூன்றும் உள்ள பத்துப் பதினைந்து நாற்றுகளை வைத்துக்கொண்டு, 12 குரோமோசோம்களிலும் பரவிய மற்ற மார்க்கர்களைச் சோதித்து, சம்பா மசூரி பங்கு அதிகமாக உள்ள நாற்றை அடுத்த கலப்புக்கு எடுக்கிறார்கள். 75 என்பது சராசரி. நல்ல எண்ணிக்கையில் தேடினால் முதல் பிற்கலப்பிலேயே 80-ஐத் தாண்டிய நாற்று கிடைக்கும். கலப்புகளைக் குறைக்க முடிவது இந்த வித்தியாசத்தால்.

கலக்கும்போது சம்பா மசூரியையே தாயாக வையுங்கள். மகரந்தப் பை ஒன்று தப்பித் தற்கருவுற்ற விதை உண்டானாலும், அதில் எதிர்ப்பு மரபணு இருக்காது. மார்க்கர் சோதனையில் தானாகக் கழிந்துவிடும். ஒட்டுச் செடியைத் தாயாக வைத்தால் அதன் தற்கருவுற்ற விதைகளிலும் மரபணு இருந்து குழப்பும்.

இந்த முறை தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, மார்க்கர் மரபணுவிலிருந்து தள்ளி இருப்பது. இடையில் 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தின் அலகு) தூரம் இருந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் 5 சதவீதம் பிரிந்துபோகும் அபாயம். நான்கு தலைமுறைக்குப் பின் மார்க்கர் இருந்தும் மரபணு இல்லாமல் போக ஏறத்தாழ 18.5 சதவீத வாய்ப்பு. இருபுறமும் ஒரு மார்க்கர் வைப்பது அல்லது மரபணுவுக்கு உள்ளேயே உள்ள வேறுபாட்டை மார்க்கராகக் கொள்வது இதற்குத் தீர்வு.

இரண்டாவது, ஒட்டி வரும் கெட்ட பண்பு. 97 சதவீதம் மீண்டுவிட்டது என்று மகிழும்போது, மீதி 3 சதவீதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கும் மரபணுவுக்கு இருபுறமும்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த இடத்தைத்தான் நாம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். அந்தத் துண்டில் மணியைத் தடிக்க வைக்கும் மரபணு ஒன்று இருந்தால் சன்ன அரிசி போய்விடும். அதை அறுக்க, மரபணுவுக்கு மிக அருகில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் அறுந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்த நாற்றைத் தேட வேண்டும். ஒரு பக்கத்தில் 2 சென்டிமார்கனுக்குள் அறுந்த நாற்று 50-இல் ஒன்று. 95 சதவீத உறுதிக்கு, மரபணு உள்ள நாற்றுகளிலேயே 149-ஐச் சோதிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே தலைமுறையில் அறுந்தது வேண்டும் என்றால் 2,500-இல் ஒன்று. அதனால் ஒரு பக்கத்தை முதல் பிற்கலப்பிலும் மறு பக்கத்தை இரண்டாவதிலும் அறுப்பார்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் திட்டங்கள்தான் கடைசியில் எதிர்ப்பு இருக்கிறது, அரிசி சரியில்லை என்று நிற்கின்றன.

நான்காம் பிற்கலப்பில் தேர்ந்தெடுத்த செடியைத் தற்கருவுறச் செய்தால், மூன்று மரபணுவும் இரு பிரதியாக நிலைத்த செடி 64-இல் ஒன்று. 95 சதவீத உறுதிக்கு 191 நாற்றுகள் வேண்டும். 300 வளர்த்தால் நிம்மதி.

இதன் பிறகு மார்க்கரை ஓரமாக வைத்துவிட்டு நோயையே ஏற்றிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பதற்கு எந்தக் காரணமும் ஏற்புடையது இல்லை. நடவு செய்து தூர் கட்டி முடியும் பருவத்தில், மில்லிலிட்டருக்கு பத்துக் கோடி முதல் நூறு கோடி பாக்டீரியா உள்ள கரைசலில் கத்தரிக்கோலை நனைத்து, இலை நுனியை 1 முதல் 2 சென்டிமீட்டர் வெட்டுவார்கள். 14, 15 நாள் கழித்துக் கருகல் நீளத்தை அளப்பார்கள். தாங்கும் செடியில் அது சில சென்டிமீட்டரோடு நிற்கும், தாங்காததில் இலையின் பெரும்பகுதி வரை இறங்கும். பக்கத்தில் தைச்சுங் நேட்டிவ் 1 போன்ற தாங்காத ரகம் கட்டாயம் இருக்க வேண்டும். அது கருகவில்லை என்றால் சோதனையே செல்லாது, மற்றவை பச்சையாக நிற்பதற்கு மதிப்பில்லை. பல மாவட்டங்களின் பாக்டீரியா வகைகளையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒரு வகையைத் தாங்குவது இன்னொன்றுக்கு விழலாம்.

அடுத்து சோறு. 6 மணிகளை 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 30 டிகிரியில் 23 மணி நேரம் வைத்து, எவ்வளவு கரைந்து பரவுகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பிடுவது வேகும் வெப்பத்தைக் காட்டும். அமைலோஸ் (சோறு உதிரியாக இருப்பதைத் தீர்மானிக்கும் மாவுப்பொருள்) அளவு, சோற்றின் மென்மை, அரைவையில் முழு அரிசி எவ்வளவு, வெந்ததும் நீளும் அளவு எல்லாம் சம்பா மசூரிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்படும். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து இது வேறு அரிசி என்று சொன்னால் மேலே சொன்ன அத்தனை வேலையும் வீண்.

கள ஆய்வில் தனிச்செடிக்கு இடமில்லை. ஒவ்வொரு வழியையும் (ஒரே செடியிலிருந்து வந்த நிலைத்த சந்ததியையும்) குறைந்தது மூன்று பாத்திகளில், இடம் குலுக்கிப் போட்டு நடுகிறார்கள். ஓர வரிசைகளை விட்டுவிட்டு அறுவடை செய்து, ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்குத் திருத்தி எடை போடுவார்கள். அகில இந்திய அளவில் புதிய ரகத்துக்கு வழக்கமாக மூன்று ஆண்டுச் சோதனை, தொடக்கநிலையில் ஒன்று, உயர்நிலையில் இரண்டு. தமிழ்நாட்டில் பல்கலைக்கழக நிலையங்களின் சோதனைகளுக்குப் பிறகு விவசாயிகளின் வயலிலேயே அனுசரணை ஆய்வும் உண்டு. மூன்று ஆண்டு என்பது சடங்கு இல்லை. ஓர் ஆண்டு மழை பொய்க்கலாம், ஓர் ஆண்டு நோயே வராமல் போகலாம். ஆடுதுறையில் முதலிடம் பிடித்தது அம்பாசமுத்திரத்தில் கடைசிக்குப் போகலாம். அந்தப் பின்னடைவை விவசாயியின் வயலில் கண்டுபிடிப்பதைவிடச் சோதனைத் திடலில் கண்டுபிடிப்பது மேல்.

பருவங்களை எண்ணிப் பாருங்கள். முதல் ஒட்டு, முதல் தலைமுறையோடு முதல் பிற்கலப்பு, பிறகு மூன்று பிற்கலப்புகள், தற்கருவுறுதல், நிலைத்தவற்றைப் பெருக்குதல், நோய்ச் சோதனை. 145 முதல் 150 நாள் வயதுள்ள ரகத்தில் ஆண்டுக்கு இரண்டு பருவத்துக்கு மேல் முடியாது. நான்கு ஆண்டு இங்கே, மூன்று ஆண்டு கள ஆய்வில், அதற்குப் பின் விதை பெருக்கம். எட்டு ஆண்டு வந்துவிடுகிறது. மார்க்கர் இல்லாவிட்டால் பிற்கலப்புப் பகுதி மட்டுமே இரட்டிப்பாகியிருக்கும்.

வெள்ளம் தாங்கும் நெல் ரகமான ஸ்வர்ணா சப்-1-ம் இதே வழியில் வந்ததுதான். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து, ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டது. இரண்டு வாரம் வரை நீரில் முழுகினாலும் மீள்கிறது. நம் டெல்டாவில் சி.ஆர். 1009 ரகத்துக்கும் அதே பகுதியைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்-1 கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் பிற்கலப்பின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு பெரிய மரபணுக்களால் ஆகும் பண்புக்கே இது பொருந்தும். விளைச்சல், வறட்சி தாங்குதல் போன்றவற்றை நூற்றுக்கணக்கான சிறு மரபணுக்கள் ஆள்கின்றன. அவற்றைத் தனித்தனியாகத் துரத்த முடியாது. அங்கே பயன்படுவது மொத்த மரபுத்தொகுதித் தேர்வு. சில நூறு வழிகளை வயலில் அளந்து, ஆயிரக்கணக்கான மார்க்கர்களையும் சோதித்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினியில் கணக்கிட்டு, வயலுக்கே போகாத புதிய நாற்றுகளின் திறனை முன்கூட்டி மதிப்பிடுவது. அளந்த தொகுதிக்கும் மதிப்பிடும் நாற்றுக்கும் உறவு நெருக்கமாக இருந்தால்தான் மதிப்பீடு சரிவரும், சில சுற்றுகளுக்கு ஒருமுறை மீண்டும் வயலில் அளந்து புதுப்பிக்கவும் வேண்டும். மரபணுத் திருத்தம் இன்னொரு வழி. சம்பா மசூரியிலேயே மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைத் திருத்தி உருவாக்கிய ‘டி.ஆர்.ஆர். தான் 100’ (‘தான்’ என்றால் இந்தியில் நெல்) என்ற ரகத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. பிற்கலப்பில் ஒட்டி வரும் கெட்ட பண்பின் சுமை அதில் இல்லை. கள ஆய்வின் தேவை மட்டும் அதற்கும் ஒரு துளியும் குறையாது, பல இடங்களில் பல ஆண்டு நட்டுப் பார்த்த எண்களே அதன் தகுதியைச் சொல்ல வேண்டும்.

வெளியான ரகமும் கவனிக்காவிட்டால் கெட்டுப்போகும். உருவாக்கிய நிலையத்தில் ஒவ்வொரு கதிரையும் தனி வரிசையாக நட்டு, மாறுபட்ட வரிசையை முழுதாக நீக்கிக் கரு விதை எடுக்கிறார்கள். அதிலிருந்து வல்லுநர் விதை மஞ்சள் அட்டையோடு, அதிலிருந்து ஆதார விதை வெள்ளை அட்டையோடு, அதிலிருந்து உங்கள் கைக்கு வரும் சான்று விதை நீல அட்டையோடு. பி.பி.டி. 5204-க்கும் அதன் மேம்படுத்தப்பட்ட வடிவத்துக்கும் இது இன்னும் முக்கியம். இரண்டும் செடியிலும் மணியிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும் பட்டார்கள். அதனால் கலவன் (கலந்துவிட்ட வேற்று ரகச் செடிகள்) நீக்கும்போது வயலில் கண்ணால் பிரிக்க முடியாது. களத்தில் கலந்துவிட்டால் இலைக்கருகல் வரும் ஆண்டில்தான் திட்டுத்திட்டாகத் தெரியும். வாங்கும்போது சம்பா மசூரி என்ற பெயரோடு நிறுத்தாமல் நீல அட்டையில் ஆர்.பி. பயோ 226 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த விதை எடுப்பதானால் அந்த ரகத்துக்குத் தனிக் களம், தனிச் சாக்கு வைத்துக்கொள்ளுங்கள், அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்த பின்னும் முதல் இரண்டு மூட்டையை விதைக்கு எடுக்காமல் அரிசிக்கு அனுப்பிவிடுங்கள்.